இடமிருந்து வலம்

ஒழுகுகிற கூரையில் ஒரு தகடு மாற்றித் தர மூன்று வருடம் யோசிக்கிற கம்பெனி, தொழிலாளிகளின் முகங்களை வழவழப்பான தாளில் புத்தகமாகப் போடக் கிளம்பினால் அதற்குப் பின்னால் என்னவோ இருக்கத்தான் வேண்டும். வேலை கைக்கு வந்த நாளிலிருந்தே திலகம் அப்படித்தான் நினைத்தாள்.

வேலையைக் கொண்டுவந்தவர் தங்கராஜு. ரவாங் பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவருடைய அச்சகம். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம், எப்போதாவது ஒரு கோயில் மலர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவிட்டு, ஒரு வருடம் முழுக்க விண்ணப்பம் போட்டுச் சலித்துப்போன திலகம், எண்பத்தாறாம் வருடப் பொங்கலுக்குப் பிறகு அங்கே ஒட்டுவேலையில் சேர்ந்தாள். எழுத்தையும் படத்தையும் அளவு பார்த்து அட்டையில் ஒட்டிப் பக்கமாக்க வேண்டும்; பிலிமை வெட்டிப் பொருத்த வேண்டும். பத்தாங் பெர்ஜுந்தைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆற்றுத் தோட்டம் என்ற ரப்பர்த் தோட்டத்தில் அவள்தான் முதல் பட்டதாரி. அந்தப் பட்டம் இப்போது கத்திரிக்கோல் பிடித்துக்கொண்டிருந்தது.

"உன் தோட்டத்து வேலதான் பட்டதாரி," என்றார் தங்கராஜு. "எண்பதாம் ஆண்டு விழா. 'அன்றும் இன்றும்'னு பேரு. இந்தப் பக்கம் பழைய ஸ்டூடியோ படம், எதிர்ப்பக்கம் அதே ஆளு இப்ப எப்படி இருக்காங்கன்னு புதுப் படம். முப்பத்தாறு பேரு."

"யாரு யோசன இது?"

"யார் யோசனையா இருந்தா நமக்கென்னா? டைம்ல முடிச்சுக் குடு லா."

யோசனை தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி அப்பளசாமியுடையது என்று தோட்ட ஆபீசுக்குப் போனபோதுதான் தெரிந்தது. மேனேஜர் ஈப்போவிலிருந்து வந்த சீனர், முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் அவரையும் துரை என்றுதான் சொன்னார்கள். படங்களின் கீழே போட வேண்டிய சொற்களை அவர் தட்டச்சு செய்து வைத்திருந்தார். ஒரு முகத்துக்கு ஒரு சொல். உழைப்பு. பொறுமை. நன்றி.

"நன்றி யாருக்கு?" என்று திலகம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

மேனேஜர் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். நாய்க் கண்காட்சிக்குப் புத்தகம் போட்டால்கூட ஒவ்வொரு நாய்க்கும் பேர் போடுவார்கள். இவர்களுக்கும் பேர் இருக்கிறது. பேர், வருடம், யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், எல்லாம் போட வேண்டும். போட முடியாது என்றால் வேறு அச்சகம் பார்த்துக்கொள்ளலாம். தங்கராஜு மேசைக்கு அடியில் அவள் செருப்பை மிதித்தார். அவள் காலை இழுத்துக்கொண்டாளே தவிர, பேச்சை இழுத்துக்கொள்ளவில்லை.

மேனேஜர் தோளைக் குலுக்கினார். ஓரத்து மேசையில் ஆள்களின் வேலைக் கணக்கான செக்ரோலை எழுதிக்கொண்டிருந்த அப்பளசாமி தலையைத் தூக்கினார். ஐம்பத்தைந்து வயது, எண்ணெய் வைத்து வாரிய தலை, சட்டைப்பையில் இரண்டு பேனா.

"பேரு நான் குடுக்குறேன்," என்றார். "எங்கப்பா இதே ஆபீஸ்ல பெரிய கிராணியா இருந்தவரு. தீபாவளிக்குத் தீபாவளி கோல சிலாங்கூர்ல இருந்து ஸ்டூடியோக்காரன வரவழைச்சு ஆள்களப் படம் எடுக்க வைப்பாரு. வூட்டுக்கு ஒன்னு, ஆபீசுக்கு ஒன்னு. ஒவ்வொன்னுக்கும் பின்னால வருசம், பேரு, எடமிருந்து வலம், எல்லாம் எழுதி வச்சிருக்காரு."

"ஆபீசுக்கு எதுக்கு சார் ஒன்னு?"

லயத்தில் எல்லாரும் அவரை ஐயா என்பார்கள். திலகம் பல்கலைக்கழகம் போன முதல் வருடமே அதை விட்டுவிட்டாள்.

"இருக்கட்டுமேன்னுதான்," என்றார் அப்பளசாமி, செக்ரோலைப் பார்த்துக்கொண்டே.

அந்தப் பதில் திலகத்துக்குப் பிடிக்கவில்லை. இருக்கட்டுமே என்று முப்பது வருடமாக எவனும் எதையும் அடுக்கி வைக்கமாட்டான். தோட்டத்தை விற்கப்போகிறார்கள், யார் யார் லயத்தில் இருக்கிறார்கள் என்று முகத்தோடு கணக்கெடுக்கிறார்கள் என்று அவளுக்குள் ஒரு எண்ணம் ஓடியது. ஆதாரம் எதுவும் இல்லை. இருந்தாலும் எண்ணம் போகவில்லை.

புதுப் படங்களை ரவாங்கிலிருந்து வாசு வந்து எடுத்தான். கோயில் சுவர் முன்னால் நாற்காலி போட்டு ஒவ்வொருவராக உட்காரவைத்தான். திலகத்தின் அம்மா மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். நல்ல சேலை இல்லை என்றாள், தலைவலி என்றாள், கடைசியில் வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள். தோட்டத்திலேயே அதிக வருடம் பாலுக்கு மரம் வெட்டிய பெண், அவளை விடக்கூடாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். திலகந்தான் போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

"முப்பது வருசமா அவங்களுக்குப் பால் எடுத்துக் குடுத்திருக்க. உன் மூஞ்சி ஒரு பக்கத்துல வந்தா கொறஞ்சா போயிருவ?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்து கேமராவை முறைத்தாள்.

மறுவாரம் பழைய படங்கள் பழுப்பு உறையில் அச்சகத்துக்கு வந்தன. கூடவே அப்பளசாமி கைப்பட எழுதிய பெயர்ப்பட்டியல், தாளுக்குத் தாள் தோட்டத்து முத்திரையோடு. எந்த வரியிலும் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது என்று கடைசியில் ஒரு குறிப்பு. திலகம் அதையும் சந்தேகமாகத்தான் படித்தாள்.

ஆனால் வேலையில் உட்கார்ந்துவிட்டால் அவளுக்குக் கோபம் மறந்துபோகும். பூ வேலைப்பாடு, முட்டை வடிவச் சட்டம் எதுவும் வேண்டாம் என்று எடுத்த எடுப்பிலேயே முடிவுசெய்தாள். அதெல்லாம் செத்தவர்கள் படத்துக்கு. அவள் ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டாள்: இரண்டு பக்கத்திலும் கண்கள் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், முகங்கள் ஒரே அளவில் இருக்க வேண்டும். பக்கத்தை விரித்தால் இருபது வயதுக்காரியும் ஐம்பது வயதுக்காரியும் அக்கம்பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதல் எட்டுப் பேரை ஒட்டி முடித்தபோது தங்கராஜுவே எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லயே, படிச்ச கை," என்றார்.

இருபத்திரண்டாம் பக்கத்துப் படத்தை எடுத்தாள். மேனேஜர் அதன்மேல் பென்சிலால் 'முழுப் பக்கம்' என்று எழுதி ஒட்டியிருந்தார். உறையில் வந்ததிலேயே அழகான படம் அதுதான். வரைந்த தூண், வரைந்த படிக்கட்டு, அதற்கு முன்னால் கைகோத்து நிற்கும் இரண்டு பெண்கள். இடப்பக்கத்தவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைச் சாய்த்திருந்தாள். வலப்பக்கத்தவள் படம் எடுக்கிறவனை அடித்துவிடப் போகிறவள்போல் நேராக முறைத்தாள். மோவாய்க்கு நடுவில் பச்சை குத்திய மூன்று புள்ளிகள், ஒன்றின்கீழ் ஒன்றாக.

அந்த முறைப்பைத் திலகம் தினமும் கண்ணாடியில் பார்க்கிறாள். அந்தப் பச்சையை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அடுப்படியில் பார்க்கிறாள்.

படத்தைத் திருப்பினாள். ஊதா மையில் அழகான கையெழுத்து. 1956. இடமிருந்து வலம்: நல்லம்மாள், காளியம்மா.

பெரிய கிராணியின் அப்பாவும் தப்பு எழுதியிருக்கிறார் என்று முதலில் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அம்மா பேர் நல்லம்மாள். ஐ.சி. என்கிற அடையாள அட்டையில், செக்ரோலில், திலகத்தின் பிறப்புச் சூராவில், எல்லாவற்றிலும் நல்லம்மாள். காளியம்மா அம்மாவின் தங்கச்சி; ஐம்பத்தெட்டில் காய்ச்சலில் செத்துப்போனவள். அம்மா வருடம் ஒருமுறை அவளுக்குப் படைப்பாள். லயத்தில் யாரும் அம்மாவை நல்லம்மாள் என்று கூப்பிட்டது கிடையாது. எல்லாருக்கும் அவள் சின்னப்பொண்ணு.

திலகம் படத்தை மறுபடி திருப்பி வலப்பக்கத்து முகத்தைப் பார்த்தாள். மூத்தவளுக்கு எப்படிச் சின்னப்பொண்ணு என்று பேர் வந்தது என்று இருபத்துநான்கு வருடத்தில் அவள் ஒருநாள்கூட யோசித்ததில்லை.

எதிர்ப்பக்கத்துக்கு வாசு எடுத்த படம் தயாராக இருந்தது. அவளே போட்ட விதிப்படி கண்கள் ஒரே கோட்டில் வந்தன. மோவாய்ப் புள்ளிகளும் ஒரே கோட்டில் வந்தன. ஒரு பக்கத்தில் 'காளியம்மா'. எதிர்ப்பக்கத்தில் அதே முகம், 'நல்லம்மாள்'. இந்தப் புத்தகம் விழாவுக்கு வருகிற மாவட்ட அதிகாரிக்கும் இன்னும் பத்து ஆபீசுக்கும் போகப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போனாள். அம்மா மரம் வெட்டிவிட்டு வந்து, சார்டின் டின்னைத் திறந்துகொண்டிருந்தாள். திலகம் சுற்றி வளைக்கவில்லை. படத்தை எடுத்து அம்மிமேல் வைத்தாள்.

"இதுல நீ யாரு?"

அம்மா படத்தைப் பார்த்தாள். அப்புறம் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எவன் குடுத்தான் இத?"

"அப்பளசாமி. நீ முதல்ல நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அவன் என்னா சொல்லிக் குடுத்தான்?"

"ஒன்னும் சொல்லல. மொத்தமா உறையில போட்டு அனுப்பினாரு."

"ஒன்னும் சொல்லலயா?" அம்மா டின்னைக் கீழே வைத்தாள். "அப்ப என்னமோ இருக்கு."

அம்மா சொன்னது இவ்வளவுதான். அக்கா இங்கே பிறந்தவள். தானோ ஊரில், தமிழ்நாட்டில் பிறந்தவள். பன்னிரண்டு வயதில் வேறொரு குடும்பத்தின் பிள்ளை என்று எழுதிக் கப்பலேற்றிவிட்டார்கள். கிள்ளான் துறைமுகத்தில் இறங்கியதும் அந்தக் குடும்பம் தங்கள் வழியே போய்விட்டது, காகிதமும் அவர்களோடு போய்விட்டது. எட்டு வருடம் தன் பேர் எழுதின ஒரு துண்டுக் கடுதாசி கிடையாது. அப்போது அக்கா செத்துப்போனாள். அக்காவின் டிரங்குப் பெட்டியில் அவளுடைய ஐ.சி. இருந்தது.

"செத்தது யாருன்னு பெரிய கிராணி வந்து கேட்டாரு. இவன் அப்பன். எங்கப்பா தலையக் குனிஞ்சுக்கிட்டு, காளியம்மான்னாரு. நான் அங்கதான் நிக்கிறேன், அவரு மூக்குக்கு நேரா. ஒரு தடவ என்னப் பார்த்தாரு. எழுதிக்கிட்டுப் போயிட்டாரு."

"அப்ப நீ செத்துட்ட."

"காயிதத்துல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்னா பண்ணுவ? பரீட்சையில எழுதுவியா?" அம்மா படத்தைத் தொடவில்லை, தள்ளி உட்கார்ந்தபடியே பார்த்தாள். "புஸ்தகத்துல பேரு போடணும்னு துரைகிட்ட சண்ட புடிச்சியாமே. லயமே பேசிக்குது. நான் என்னா வேலைக்கு அன்னைக்கு கொல்லைக்கு ஓடுனேன்னு நினைக்கிற? இது வெளிய வந்தா என்னைக் கப்பல்ல ஏத்திருவாங்க. அங்க எனக்கு யாரு இருக்கா?"

திலகத்துக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அம்மா பொய் சொல்லியிருக்கிறாள். அந்தப் பொய்தான் சோறு போட்டது, பள்ளிக்கு அனுப்பியது. இவளோ உண்மைப் பேரைப் போடு என்று மேசையைத் தட்டிவிட்டு வந்திருக்கிறாள். இதற்கு நடுவில் அப்பளசாமி. முப்பத்தைந்து படம் போதாதா அவருக்கு? இந்தப் படத்தை ஏன் உறையில் போட்டார்? தெரியாமல் போட்டாரா, தெரிந்தே போட்டாரா?

திங்கட்கிழமை முழுவதும் ஒட்டுமேசையில் உட்கார்ந்து அவள் வழி தேடினாள். படத்தை நீக்கலாமென்றால் மேனேஜர் முழுப் பக்கம் என்று எழுதியே ஒட்டியிருக்கிறார். பேர்களை இடம் மாற்றிப் போடலாமென்றால் பட்டியலில் முத்திரை. அப்பளசாமி வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பார். பின்னால் இருக்கும் எழுத்தை அழிக்கலாமென்றால் அது மை, சுரண்டினால் தாள் கிழியும்.

மாலையில் கேமரா அறையிலிருந்து பிலிம்கள் வந்தன. பிலிமுக்கு ஒரு பக்கம் பளபளக்கும், ஒரு பக்கம் மங்கலாக இருக்கும். மங்கல் பக்கத்தைக் கீழே வைத்துப் பொருத்த வேண்டும். மாற்றி வைத்தால் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி விழும்: இடம் வலமாகும், வலம் இடமாகும். வேலைக்குப் புதிதாக வருகிற எல்லாரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு. திலகமும் சேர்ந்த மாதமே ஒரு சங்கத் தலைவரின் வகிட்டைத் திருப்பிப் போட்டுத் தங்கராஜுவிடம் ஒரு வாரம் திட்டு வாங்கினாள்.

இருபத்திரண்டாம் பக்கத்துப் பிலிமை அவள் விளக்கு மேசையில் வைத்தாள். மங்கல் பக்கம் கீழே. இடப்பக்கம் சிரிப்பு, வலப்பக்கம் முறைப்பு. புரட்டினாள். இப்போது முறைக்கிறவள் இடப்பக்கம் வந்துவிட்டாள். கீழே பட்டியலில் உள்ளபடியே, ஓர் எழுத்து மாறாமல், இடமிருந்து வலம்: நல்லம்மாள், காளியம்மா. எதிர்ப்பக்கத்தில் பச்சைப் புள்ளிகளோடு நல்லம்மாள்.

தங்கராஜு தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் நாலு ஓரமும் டேப் ஒட்டி முடித்தாள்.

அச்சுக்குப் போகுமுன் ஆபீஸ் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய நீலப் படியை வெள்ளிக்கிழமை அவளே எடுத்துப்போனாள். பழைய படங்களின் உறையையும் எடுத்துக்கொண்டாள். ஒரு படம் மட்டும் அவள் கைப்பைக்குள், நோட்டுப் புத்தகத்தின் நடுவில் இருந்தது.

மேனேஜர் நின்றபடியே புரட்டினார். கண்கள் ஒரே கோட்டில் வருவதைக் கவனித்துப் பாராட்டினார். பேர் போட்டதும் நல்லதுதான் என்று ஒப்புக்கொண்டு, ஜீப் எடுத்துக்கொண்டு பத்தாம் நம்பர் காட்டுக்குப் போய்விட்டார். அப்பளசாமி உட்கார்ந்து, பட்டியலின் நகலைப் பக்கத்தில் வைத்து, ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்தி ஒப்பிட்டார். இருபத்திரண்டாம் பக்கத்தில் ஸ்கேல் நின்றது.

"இந்தப் பொண்ணுங்க எந்த ஊர்ப் பழக்கம்?"

"ஏன் சார்?"

"மாராப்பு வலது தோள்ல கெடக்கே."

திலகம் குனிந்து பார்த்தாள். மாராப்பை அவள் நினைக்கவே இல்லை. முகத்தையும் பேரையும் பார்த்தவள் சேலையைப் பார்க்கவில்லை. இந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கிற எந்தப் பெண்ணும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

"பிலிம் திரும்பிருச்சுபோல," என்றாள். குரல் சரியாகத்தான் வந்தது. "சரி பண்ணிரட்டுமா?"

அவர் ஸ்கேலைத் தள்ளி வைத்தார். இந்தப் பக்கத்தைப் பார்த்தார், எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார், மறுபடி இந்தப் பக்கம். செக்ரோலில் ஆளைச் சரிபார்க்கிற அதே பார்வை.

"சரி பண்ணுனா மாராப்பு சரியாயிரும்," என்றார். "வேற என்னா ஆகும்?"

"வேற என்னா சார் ஆகப்போகுது."

"அப்ப இருக்கட்டும். நேரம் இல்ல, விழா கிட்ட வந்துருச்சு."

மூலையில் கையெழுத்துப் போட்டார். பிறகு உறையைக் கவிழ்த்துப் படங்களை எண்ணினார். இரண்டாம் தடவையும் எண்ணினார்.

"ஒன்னு கொறையுது."

"காணாமப் போச்சு சார். அச்சகத்துல தேடுனோம், கெடைக்கல."

அப்பளசாமி அவளுடைய கைப்பையைப் பார்த்தார். பார்த்தார் என்றுதான் அவளுக்குப் பட்டது. மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"ஆபீஸ் சாமான். சும்மா காணோம்னு விட முடியாது. எழுதிக் குடு."

அவள் தொலைந்தது என்று ஒரு வரி எழுதி நிறுத்தினாள். அவர் தலையை ஆட்டினார்.

"எந்தப் படம்னு வேணாமா? யாரு யாரு இருந்தாங்கன்னு விவரமா எழுது. உங்கம்மா எந்தப் பக்கம்?"

வெளியே லோரி ஒன்று பால் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அந்தச் சத்தம் ஓயும்வரை திலகம் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தாள்.

"இடப்பக்கம்," என்றாள்.

"எழுது. இடப்பக்கம் இருப்பவர் என் தாயார் நல்லம்மாள். வலப்பக்கம் இருப்பவர் காலஞ்சென்ற என் சின்னம்மா காளியம்மா. கீழ உன் பேரு, ஐ.சி. நம்பர்."

அவள் எழுதத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள்.

"கார்பன் வைங்க."

"எதுக்கு?"

"இதுல ஒரு காப்பி என்கிட்ட இருக்கணும். உங்கள நான் நம்பல சார்."

ஐயா என்று கூப்பிடாதவளிடம் அவர் இதைவிட மரியாதையை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மேசை இழுப்பிலிருந்து கார்பன் தாளை எடுத்து இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் செருகி, ஓரங்களைத் தட்டி ஒழுங்குபடுத்தித் தந்தார்.

"மொதல்ல இருந்து எழுது. அழுத்தி எழுது, கீழ விழணும்."

அவள் அழுத்தி எழுதினாள். பெரியம்மாவைச் சின்னம்மா என்று எழுதினாள். அவர் இரண்டு தாளிலும் முத்திரை குத்தினார், இரண்டையும் ஒருமுறை வாசித்தார், அடித்தாளை அவளிடம் தந்தார். மேல்தாளை அலமாரியிலிருந்து எடுத்த ஒரு கோப்பில் வைத்து நாடாவால் கட்டினார். எந்தக் கோப்பு என்று திலகம் எட்டிப் பார்த்தாள். லேபிள்மேல் அவர் உள்ளங்கை இருந்தது. மறைக்கத்தான் வைத்தாரா, கட்டும்போது கை அங்கே விழுந்ததா, தெரியவில்லை. இந்தக் காகிதத்தால் முப்பது வருடத்துப் பொய்யை ஆபீஸ் கணக்கில் மெய்யாக்கிவிட்டாரா, அல்லது இத்தனை நாள் அம்மா கழுத்தில் மட்டும் இருந்த கயிற்றில் மகள் கழுத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டாரா, அதுவும் தெரியவில்லை. கேட்டால் சொல்லமாட்டார். சொன்னாலும் அவள் நம்பமாட்டாள்.

வெளியே வந்தபோது அம்மா, காலையில் ஆள்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்து ஓரமாக, ஆபீசுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். வெட்டுக்கத்தி இன்னும் இடுப்பில் இருந்தது.

"என்னா சொன்னான்?"

"எழுதி வாங்கிக்கிட்டாரு."

"என்னான்னு?"

"படத்துல முறைக்கிறது நல்லம்மாள்னு. எங்கம்மான்னு."

அம்மா அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பத்தடி நடந்த பிறகு கேட்டாள்:

"அப்ப அக்கா?"

"செத்துப்போன சின்னம்மான்னு எழுதியிருக்கேன்."

அம்மா நின்றுவிட்டாள்.

"அவ எனக்கு மூணு வயசு மூத்தவ, திலகம்."

"மெதுவாப் பேசும்மா," என்றாள் திலகம். "சன்னல் தொறந்திருக்கு."